ஊசி இறங்கியது ஏன்?

(நம் பழைய மாணவர் சங்கச் சந்திப்பில், 1979-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உபயோகமா பேசு, அறிவுரை மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே என் பழைய காரின் ஹீட் மீட்டரைப் பற்றிப் பேசப் போகிறேன். இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டும் அந்தச் சின்ன மீட்டர்தான். C என்று ஒரு பக்கம், H என்று மறுபக்கம், நடுவில் ஓர் ஊசி. அந்த ஊசியை நான் தப்பாகப் படித்தேன். அதனால் ஓர் இன்ஜின் போயிற்று. நான் முப்பத்தைந்து வருடம் சம்பளம் வாங்கியதே தொழிற்சாலையில் மீட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

என் அப்பா ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருந்தார். இன்றைய மாணவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்ட் காரை 1961 முதல் நம் சென்னையில் செய்தார்கள். 948 சி.சி. இன்ஜின். பானெட் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த வண்டியைப் பாராட்டுவார்.

அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். 1971-இல் அதை இரண்டாவது கையாக வாங்கினார். பெட்ரோல் போட்டால், ஆயில் மாற்றினால், பஞ்சர் ஒட்டினால், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பார். அந்த நோட்டு எப்போதும் வண்டியிலேயே இருக்கும்.

எங்கள் வண்டியில் ஹீட் மீட்டர் கிடையாது. ஸ்பீடாமீட்டர், அதற்குள்ளேயே பெட்ரோல் மீட்டர், அவ்வளவுதான். இன்ஜினியர் மகன் சும்மா இருப்பானா? 1986-இல் புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய ஸ்மித்ஸ் மீட்டரையும் அதற்கான சென்சாரையும் வாங்கி வந்தேன். இன்ஜினின் முன்பக்கம், தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தருகே, ஒரு துளையைத் திருகாணி போட்டு அடைத்திருந்தார்கள். அந்தத் திருகாணியைக் கழற்றிவிட்டு, சென்சாரின் மரையில் தண்ணீர் கசியக் கூடாதே என்று வெள்ளை டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றி முறுக்கினேன். ஒயர் இழுத்தேன். மீட்டருக்கு பேட்டரியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுத்தேன். ஊசி எழுந்தது. எனக்குப் பரம சந்தோஷம்.

அதில் நான் இரண்டு தப்பு செய்திருந்தேன். இரண்டும் எனக்குத் தெரிய முப்பது வருடம் ஆயிற்று. அதைச் சொல்வதற்கு முன் இந்த மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். சாதாரண வெயிலில் சில நூறு ஓம் காட்டும்; தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது சில பத்து ஓம்களுக்கு வந்துவிடும். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். அந்த மின்னோட்டம் மீட்டருக்குள் இரண்டு உலோகம் சேர்த்த ஒரு பட்டையின் மேல் சுற்றிய கம்பியைச் சூடாக்கும். பட்டை வளையும். ஊசி நகரும். இன்ஜின் சூட்டை அளக்க மீட்டருக்குள் இன்னொரு குட்டிச் சூடு! அதனால்தான் இந்த வகை ஊசி அவசரப்படாமல் மெதுவாக எழும்.

இங்கேதான் வம்பு. கம்பியின் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். முதல் வருடப் பாடம்தான். இந்த ஸ்மித்ஸ் மீட்டர் 10 வோல்ட்டுக்காகச் செய்தது. அதற்காகவே வண்டியில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்னத் தகர டப்பா இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் வரை இருக்கும். 10-க்குப் பதில் 14 கொடுத்தால் சூடு 1.4-இன் இருமடி, அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஊசி இல்லாத சூட்டைக் காட்டத்தான் செய்யும். இது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, வெள்ளை டேப். இந்த சென்சாருக்கு ஒரே ஒரு ஒயர்தான். கரண்ட் திரும்பிப் போகும் வழி அதன் உடம்பு, மரை, இன்ஜின். அதாவது எர்த். நான் மரையை டேப்பால் போர்த்தி எர்த்தைக் கெடுத்துவிட்டேன். எர்த் சரியில்லை என்றால் தடை கூடும். ஊசி குறைவாகக் காட்டும்.

ஒரு தப்பு ஊசியை மேலே தள்ளுகிறது, இன்னொன்று கீழே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து ஊசி எப்போதும் முக்காலில் நின்றது. ராத்திரி ஹெட்லைட் போட்டால் கொஞ்சம் இறங்கும். லைட்டை அணைத்தால் ஏறும். அதுவே ஒரு துப்பு. லைட் போட்டால் தண்ணீர் குளிருமா? எனக்கு உறைக்கவில்லை. எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். "மீட்டர் கொஞ்சம் முன்னாடி ஓடுது சார், கண்டுக்காதீங்க" என்றார். நானும் கண்டுகொள்ளவில்லை. பொய் சொல்லும் மீட்டருடன் வாழப் பழகிவிட்டோம்.

1988 மே மாதம். அப்பாவை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை ஏறுவதற்குள் ஊசி முக்காலைத் தாண்டி H பக்கம் போயிற்று. "அது எப்பவும் அப்படித்தாம்ப்பா" என்றேன். இன்னும் இரண்டு வளைவு. ஊசி மெள்ள இறங்க ஆரம்பித்தது. முக்கால், பாதி, அப்புறம் பாதிக்கும் கீழே.

அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, ஊசி எறங்கிடுச்சே, ஏன்?"

நான் சொன்னேன்: "மலைக் காத்து குளிருது இல்ல, அதான்."

அதைச் சொன்னது பொறியியல் பட்டதாரி. கேள்வி கேட்டது தமிழாசிரியர்.

இரண்டு கிலோமீட்டர் தாண்டியிருக்க மாட்டோம். வண்டி இழுக்கவில்லை. டங், டங் என்று சத்தம். பெயிண்ட் கருகும் வாசனை. நிறுத்திவிட்டுப் பானெட்டைக் கவிழ்த்தேன். ஆவி கூடப் பெரிதாக வரவில்லை. வருவதற்குத் தண்ணீர் இருந்தால்தானே! ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் பைப்பில் நானே முந்தின வாரம் மாட்டிய கிளிப் தளர்ந்து, தண்ணீர் முழுவதும் வழியெல்லாம் ஊற்றியிருந்தது.

ஊசி ஏன் இறங்கியது என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். சென்சார் இன்ஜினை அளப்பதில்லை. தன் மூக்கைத் தொட்டுக்கொண்டிருப்பது எதுவோ அதன் சூட்டைத்தான் அளக்கிறது. தண்ணீர் இருந்தவரை தண்ணீரைச் சொன்னது. தண்ணீர் போன பின் வெறும் காற்றில் நின்றுகொண்டு காற்றைச் சொன்னது. தண்ணீர் போல் காற்று சூட்டைக் கொண்டுவந்து கொடுக்காது. ஆகவே உள்ளே இரும்பு காய்ந்துகொண்டிருந்தபோது, ஊசி எங்களைப் பார்த்து "எல்லாம் சுகம்" என்றது. மீட்டர் அந்த நேரத்தில் பொய் கூடச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. நான்தான் கேள்வியை மாற்றிப் படித்தேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி எங்களைக் கீழே கொண்டுவந்து விட்டார். ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, பிஸ்டன் உரசியிருந்தது. சரி செய்ய என் மூன்று மாதச் சம்பளம் ஆயிற்று. வண்டி அதன் பிறகும் ஓடியது. ஆனால் பழைய இழுவை இல்லை. அப்பா 1994-இல் காலமானார். வண்டியைக் கொட்டகையில் விட்டேன்.

நண்பர்களே, 1979 மார்ச் 28 நினைவிருக்கிறதா? நாம் கடைசி வருடத்தில் இருந்தோம். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து. அங்கே ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ, வால்வுக்கு மூடும் உத்தரவு போய்விட்டது என்பதை மட்டும்தான் காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. இன்னொரு மீட்டர் ஒரு தொட்டியில் தண்ணீர் நிறைய இருப்பதாகக் காட்டியது. அந்தத் தொட்டியில் இருந்தது உண்மைதான். உலையில்தான் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. ஊழியர்கள் அதை நம்பி அவசர நீரைக் குறைத்தார்கள். உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது. அவ்வளவு பெரிய இடத்திலும் நடந்தது என் ஹெரால்டில் நடந்ததுதான். மீட்டர் ஓர் இடத்தைச் சொல்கிறது. நாம் வேறோர் இடத்தை நினைத்துக்கொள்கிறோம்.

2016-இல் ஓய்வு பெற்றேன். கொட்டகைக் கதவைத் திறந்தேன். இன்ஜினை முழுவதும் பிரித்துக் கட்டினோம். மீட்டரை மட்டும் யாரிடமும் விடவில்லை; அது என் கடன். எப்படிப் பார்த்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: கெட்டது மீட்டரா, இன்ஜினா? இதற்கு விடை தெரியாமல் சென்சாரை மாற்றாதீர்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது. அது பிரஷர் குக்கர் மாதிரி. 7 பி.எஸ்.ஐ. மூடி தண்ணீரின் கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்தி வைத்திருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய், தண்ணீர் கொதித்து முகத்தில் அடிக்கும். அப்புறம், வேறொரு கருவியை வைத்து இன்ஜினை அளந்து பாருங்கள். இப்போது துப்பாக்கி மாதிரி அகச்சிவப்பு வெப்பமானி கிடைக்கிறது. அதுவும் பளபளக்கும் அலுமினியத்தைப் பார்த்தால் குறைத்துச் சொல்லும். தெர்மோஸ்டாட் மூடியின் மேல் கறுப்புப் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்து அதை அளக்க வேண்டும். பல வண்டிகளில் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும். இன்ஜின் அதைச் சுற்றி நின்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது. குற்றவாளி மீட்டர் பக்கம்.

இரண்டாவது, ஒயர் சோதனை. சாவியைப் போடுங்கள், இன்ஜினை ஓட்ட வேண்டாம். சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். ஊசி C-யில் படுத்துவிட வேண்டும். படுக்காமல் மேலேயே நின்றால் ஒயர் எங்கேயோ உராய்ந்து பாடியைத் தொடுகிறது. இப்போது ஒயரின் நுனியை இன்ஜினின் சுத்தமான இரும்பில் தொடுங்கள். ஊசி H பக்கம் எழ வேண்டும். எழ ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள். பிடித்துக்கொண்டே நின்றால் மீட்டருக்குள் இருக்கும் கம்பி கருகிவிடும். எழுந்தால் மீட்டரும் ஒயரும் உயிரோடு இருக்கின்றன; சென்சாரையும் அதன் எர்த்தையும் சந்தேகியுங்கள். எழவே இல்லை என்றால் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது மீட்டருக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது மீட்டரே போய்விட்டது.

மூன்றாவது, கரண்ட். பெட்ரோல் மீட்டரும் ஹீட் மீட்டரும் ஒரே ஸ்டெபிலைசரில் ஓடும் வண்டிகளில், இரண்டும் சேர்ந்து கூடக் காட்டினாலோ சேர்ந்து குறைத்துக் காட்டினாலோ ஸ்டெபிலைசரைப் பாருங்கள். இரண்டு மீட்டர் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். பழைய ஸ்டெபிலைசர் 10 வோல்ட்டை நிலையாகத் தராது. சட் சட்டென்று 12-ஐக் கொடுத்து நிறுத்தி, சராசரியாக 10 வருமாறு செய்யும். அதனால் டிஜிட்டல் மல்டிமீட்டர் குழப்பமாகத்தான் காட்டும், பயந்துவிடாதீர்கள். அந்த டப்பாவுக்கும் எர்த் வேண்டும். அது போனால் முழு 12-உம் மீட்டருக்குப் போய்விடும். நான் 7810 என்ற மூன்று கால் ஐ.சி.யை வைத்து ஒன்று செய்து போட்டேன். என் வண்டி நெகட்டிவ் எர்த். அதனால் அது பொருந்தியது.

ஸ்டெபிலைசர் போட்டதும் என்ன ஆயிற்று தெரியுமா? ஊசி கால் பங்கைத் தாண்டவில்லை! ஒரு தப்பைச் சரி செய்ததும் இன்னொரு தப்பு வெளியே தலை காட்டியது. அப்போதுதான் நாலாவது சோதனை. சென்சாரின் உடம்புக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே தடையை அளந்தேன். ஏறக்குறைய பூஜ்யம் இருக்க வேண்டும். இல்லை. கழற்றிப் பார்த்தால், 1986-இல் நான் சுற்றிய வெள்ளை டேப்! சுத்தம் செய்து, மரை நேராக இரும்பைத் தொடும்படி செம்பு வாஷரோடு மாட்டினேன்.

மாட்டும் முன் ஐந்தாவது சோதனை. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரின் நுனி மட்டும் நனையும்படி கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். மல்டிமீட்டரின் ஒரு முனை சென்சாரின் தலையில், இன்னொன்று உடம்பில். பத்துப் பத்து டிகிரிக்கு ஒரு தடவை ஓம் எண்ணைக் குறித்தேன். படிப்படியாக இறங்கினால் சென்சார் நல்லது. நடுவில் குதித்தாலோ அசையாமல் நின்றாலோ தூக்கிப் போடலாம். மரை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வேறு வண்டியின் சென்சாரை மாட்டாதீர்கள்; அதன் ஓம் கணக்கு வேறு. என் மனைவி சமையலறைக்கு வந்து, "ஏங்க, அது பால் பாத்திரம்" என்றாள். அது இப்போது என் பட்டறைப் பாத்திரம்.

சில பழைய வண்டிகளில் மின்சாரமே இல்லாத மீட்டர் உண்டு. நீளமான மெல்லிய குழாய், நுனியில் ஈதர் அடைத்த குமிழ். அதற்கு இந்தச் சோதனை எதுவும் செல்லாது. வெந்நீரில் குமிழை வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. குழாய் மடங்கி உடைந்தால் உள்ளே இருப்பது போய்விடும். ஊசி எழவே எழாது. அதை மாட்டும்போது குழந்தையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டும்.

கடைசியாக, மீட்டரை என் வண்டிக்கு ஏற்றபடி பழக்கினேன். 82 டிகிரியில் ஊசி எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணாடியில் பச்சைப் பொட்டு. 100 டிகிரியில் சிவப்புப் பொட்டு. அதோடு நிற்கவில்லை. ரேடியேட்டரின் மேல் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கத்துகிற தனி அலாரம் ஒன்று வைத்தேன். சூட்டை ஒருவரிடமும், தண்ணீர் இருக்கிறதா என்பதை இன்னொருவரிடமும் கேட்க வேண்டும். ஒருவரிடமே இரண்டையும் கேட்டதுதான் நான் செய்த பாவம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். இன்று பல கார்களில் சூடு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் ஊசி நடுவிலேயே நிற்கும்படி கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கிறது. ஓட்டுகிறவர் பயப்படக் கூடாதாம். சில கார்களில் ஊசியே இல்லை, சிவப்பு விளக்கு மட்டும்தான். நாளை நீங்கள் உட்காரப் போகும் திரைகளில் நூறு எண்கள் ஓடும். ஒவ்வொன்றைப் பார்த்தும் கேளுங்கள்: இது எந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு பேசுகிறது? கெட்ட செய்தி வந்தால் எல்லோரும் காரணம் தேடுவார்கள். நல்ல செய்தி திடீரென்று வந்தால் யாரும் தேடுவதில்லை. நான் தேடவில்லை.

ஒரே ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். வண்டியைப் பிரித்தபோது அப்பாவின் நோட்டு கிடைத்தது. செல் அரித்தது போக மிச்சம் இருந்தது. 1988 மே மாதப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். என்னைத் திட்டி எழுதியிருப்பார் என்று நினைத்தேன். பெட்ரோல் கணக்குக்குக் கீழே அவருடைய குண்டு எழுத்தில் இவ்வளவுதான் இருந்தது: "ஏற்காடு. ஊசி இறங்கியது. காரணம்?"

அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தார். பதில் வந்தால் எழுதலாம் என்று விட்டிருப்பார் போலிருக்கிறது. அவர் இருந்த ஆறு வருடத்தில் நான் உட்கார்ந்து அவருக்கு அதை விளக்கவே இல்லை. வெட்கம்தான் காரணம்.

2019-இல் அதே மலையில் அதே வண்டியை ஓட்டிப் போனேன். 20 வளைவும் ஏறி முடிக்கும்வரை ஊசி பச்சைப் பொட்டுக்கும் சிவப்புப் பொட்டுக்கும் நடுவிலேயே நின்றது. மேலே போய் நிறுத்தி, ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்து தண்ணீரைக் கண்ணால் பார்த்தேன். பிறகு நோட்டை எடுத்து அந்த இரண்டு வரியில் பதிலை எழுதினேன்: "தண்ணீர் இல்லை. சென்சார் காற்றில் நின்றது. நீங்கள் கேட்டது சரி."